தன்வந்தரி மஹால் கண்ட சரபோஜி மன்னர்

நோய் தீர்க்கும் இறைவனை வைத்தியநாதன் என்னும் திருநாமத்தாலேயே அழைத்து வழிபடுவது சோழநாட்டின் தொன்மையான மரபு. புள்ளிருக்குவேளூரில் திருச்சாந்துருண்டையே பிரசாதமாக வழங்கப்படுவதை அன்பர்கள் அறிவர். கோயிலையும் மருந்தையும் வேறுவேறாகக் கருதாத இந்நாட்டில், நூல் நிலையத்தையும் மருத்துவச் சாலையையும் ஒன்றோடொன்று இணைத்துப் பேணியவர் தஞ்சை மராத்திய மன்னராகிய இரண்டாம் சரபோஜி ஆவர்.

1777-ஆம் ஆண்டு பிறந்த இவரைத் துளஜா மன்னர் தம் இறுதிக் காலத்தில் சுவீகாரம் செய்துகொண்டார். 1787-இல் துளஜா மறைந்தபின் அரியணை அமரசிங்கர் வசமாயிற்று. பாலகராகிய சரபோஜி அரண்மனையிலேயே காவலில் வைக்கப்பட்டார். வெளிச்சமும் நுழையாத இடத்தில், எழுத்தறிவிப்பாரின்றி நாட்களைக் கழிக்க நேர்ந்தது. பிற்காலத்தில் பல்லாயிரம் ஏடுகளைத் திரட்டிய ஒருவருக்கு இளமையில் வந்த துன்பம் கல்வி மறுப்பாக இருந்ததை எண்ணுந்தோறும் நெஞ்சம் உருகுகிறது. சுவார்ட்ஸ் பாதிரியாரின் முயற்சியால் அச்சிறையினின்று விடுபட்டுச் சென்னைக்குச் சென்றார். ஆங்கிலமும் பிற கலைகளும் கற்றார். பாதிரியாரைத் தந்தையெனப் போற்றியபோதிலும், தம் குலத்தார் வழிபட்ட தெய்வங்களிடத்து அவர் கொண்ட பக்தி சிறிதும் குன்றவில்லை.

1798-இல் முடிசூடினார். மறு ஆண்டிலேயே ஆங்கிலக் கும்பினியாரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி அவர் கையைவிட்டு நீங்கிற்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், தஞ்சைக் கோட்டையுமே எஞ்சின. படையும் நாடும் இல்லாத வேந்தருக்கு இனி என்ன வேலை என்று ஏளனம் செய்வாரும் இருந்திருக்கக்கூடும். சரபோஜியோ தமக்குக் கிடைத்த பொருளைத் தெய்வப் பணிக்கும் கலைமகள் பணிக்கும் செலவிட முனைந்தார்.

1803-இல் தம் குலத்தின் வரலாற்றைப் பெரிய கோயிலின் திருச்சுற்றிலே மராத்தி மொழியில் கல்லெழுத்தாகப் பொறிக்கச் செய்தார். யாத்திரிகருக்கு அன்னமும், பிணியாளருக்கு மருந்தும், கருவுற்ற மகளிருக்குப் பாதுகாப்பும் அளித்துவந்த சத்திரங்கள் தம் முன்னோர் வைத்த அறம் என்றும், அவை தடையின்றி நடைபெற வேண்டும் என்றும் 1801-லேயே கும்பினியாருக்கு எடுத்தெழுதினார். நாட்டை ஒப்படைத்தவர், அறத்தை ஒப்படைக்க மனம் இசையவில்லை போலும். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் விளங்கும் சத்திரம் அவர் காலத்தே எழுந்தது.

நாயக்க மன்னர் காலத்தில் தோன்றிய அரண்மனைச் சுவடி நிலையம் சரபோஜியின் கையில் ஸரஸ்வதி மஹாலாக வளர்ந்தது. 1820 முதல் 1822 வரை பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை சென்று மீண்டபோது, கங்கை நீராடிய புண்ணியத்தோடு வடநாட்டுச் சுவடிகளையும் அவர் கொண்டுவந்தார். வடமொழி ஆயுர்வேத ஏடுகளும், தமிழ்ச் சித்த மருத்துவச் சுவடிகளும், மேல்நாட்டு அச்சு நூல்களும் அங்கு ஒரு கூரையின்கீழ்ச் சேர்ந்தன. யானைக்கும் குதிரைக்கும் உரிய கஜ சாஸ்திரமும் அசுவ சாஸ்திரமும் வண்ண ஓவியங்களோடு அங்கு இடம்பெற்றன. ஐரோப்பிய நூல்களில் பலவற்றில் மன்னர் தம் கையொப்பத்தை இட்டுள்ளார். வாங்கி அடுக்கியதோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் என்னும் பேராயர், லவாய்சியர், லின்னேயஸ் முதலிய விஞ்ஞானியரைப் பற்றி மன்னர் சரளமாக உரையாடியதைக் கேட்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார். மனித உடலின் அமைப்பை அறிய விரும்பிய மன்னர், உண்மையான எலும்புக்கூட்டைத் தீண்டுதல் ஆசாரத்துக்கு ஒவ்வாதென்று, தந்தத்தால் செய்த எலும்புக்கூட்டைப் பெற்றுப் பயின்றார் என்பது அக்காலத்து மேல்நாட்டுப் பயணி ஒருவர் தரும் செய்தி. ஆசாரத்தையும் விடாமல் அறிவையும் விடாமல் அவர் கண்ட வழி இது.

ஏட்டில் உள்ள மருந்து ஏட்டோடு நின்றால் பயன் யாது? பாற்கடலில் அமுத கலசத்தோடு எழுந்தருளிய தன்வந்தரி பகவானின் திருப்பெயரால் மன்னர் ஒரு மருத்துவச் சாலையை நிறுவினார். தன்வந்தரி மஹால் எனப்பெற்ற அவ்விடத்தில் நம் நாட்டு மருத்துவரோடு மேல்நாட்டு முறை அறிந்தாரும் பணிபுரிந்தனர். மக்களுக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் சிகிச்சை நடைபெற்றது. நோயாளியின் நிலையும், அளித்த மருந்தும், கண்ட பலனும் குறித்து வைக்கப்பட்டன. கண்நோயாளர் சிலரின் கண்களை உள்ளது உள்ளவாறே வண்ணத்தில் எழுதுவித்து, சிகிச்சைக் குறிப்புகளையும் உடன் சேர்த்தனர். அனுபவத்தில் பலன் தந்த முறைகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக யாத்தனர். மருந்தின் சரக்கும் அளவும் பக்குவமும் பிறழாமல் நினைவில் நிற்பதற்குச் செய்யுளைப்போல் உதவுவது பிறிதொன்றில்லை. சரபேந்திர வைத்திய முறைகள் என்று அவை வழங்கலாயின. இவ்வாறு நூல் நிலையத்திலிருந்து மருத்துவச் சாலைக்குச் சென்ற அறிவு, சோதிக்கப்பெற்று மீண்டும் நூல் நிலையத்திற்கே புதிய ஏடாகத் திரும்பி வந்தது.

1832-இல் மன்னர் சிவபதம் எய்தினார். அவர் மைந்தர் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி மறையவே தஞ்சை அரசு முடிவுற்றது. அரண்மனைச் சொத்துக்களைக் கும்பினியார் கைப்பற்றினர், வழக்குகள் எழுந்தன. சுவடிகள் இன்னார்க்கு உரியவை என்ற தெளிவின்றிப் பல ஆண்டுகள் கிடந்தன. அந்நாளில் பர்னல் என்னும் அறிஞர் வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து அட்டவணை தொகுத்து 1880-இல் வெளியிட்டார். பின்னர் 1918-இல் அரச குடும்பத்தாரின் இசைவோடு நூல் நிலையம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. வைத்திய முறைகள் நோய்வாரியாக அச்சேறின; நீரிழிவுக்கும் கண்நோய்க்கும் மன்னர் காலத்து மருத்துவர் கண்ட முறைகளை எவரும் படிக்கலாயினர். கண்நோயாளரின் வண்ணப் படங்கள் அவர்தம் சிகிச்சைக் குறிப்புகளோடு அம்மஹாலிலேயே பாதுகாக்கப்பெற்று வருகின்றன.