லூக்கா (நற்செய்தியாளர்)

லூக்கா கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு கிறித்தவர். திருத்தூதர் பவுலின் உடன்பணியாளர். விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் உள்ள லூக்கா நற்செய்தி, திருத்தூதர் பணிகள் ஆகிய இரு நூல்களையும் இயற்றியவர் இவரே எனக் கிறித்தவ மரபு கூறுகிறது. இவ்விரு நூல்களும் சேர்ந்து புதிய ஏற்பாட்டின் நான்கில் ஒரு பங்கிற்கும் சற்று அதிகமாக அமைந்துள்ளன. நற்செய்தியாளர் நால்வருள் மத்தேயுவும் யோவானும் இயேசுவின் பன்னிரு திருத்தூதர் பட்டியலில் இடம்பெறும் பெயர்கள். மாற்கும் லூக்காவும் அப்பட்டியலில் இல்லை. இயேசுவின் வாழ்வை நேரில் கண்டவர்களிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டி, நூலின் முகவுரையிலேயே அதனைப் பதிவு செய்த நற்செய்தியாசிரியர் லூக்கா மட்டுமே.

புதிய ஏற்பாட்டில் லூக்கா

லூக்காவின் பெயர் புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது. பிலமோனுக்கு எழுதப்பட்ட மடலில் மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா ஆகியோருடன் பவுலின் உடன்பணியாளராக இவர் குறிப்பிடப்படுகிறார். கொலோசையர் மடல் இவரை அன்புக்குரிய மருத்துவர் என்கிறது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் மடல், மற்றவர்கள் பிரிந்து சென்ற வேளையில் இவர் ஒருவரே பவுலுடன் இருந்ததாகக் கூறுகிறது. இவற்றுள் பிலமோன் மடலைப் பவுலே எழுதினார் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரும்பாலும் ஐயம் இல்லை. மற்ற இரு மடல்களைப் பவுல் எழுதினாரா என்பது விவாதத்திற்குரியது.

கொலோசையர் மடலில் யூத உடன்பணியாளர்களைப் பட்டியலிட்ட பின்னரே லூக்காவின் பெயர் தனியாக வருகிறது. எனவே இவர் யூதர் அல்லாதவராக இருக்கலாம் எனப் பலர் கருதுகின்றனர். சிரியாவின் அந்தியோக்கியா நகரைச் சேர்ந்தவர் என்ற செய்தியை நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் தருகிறார்.

பவுலுடன் பயணங்கள்

திருத்தூதர் பணிகள் நூல் பெரும்பாலும் படர்க்கையில் எழுதப்பட்டது. ஆயினும் சில பகுதிகளில் நடை திடீரெனத் தன்மைப் பன்மைக்கு மாறுகிறது. சுமார் கி.பி. 50 இல் துரோவா துறைமுகத்திலிருந்து மாசிதோனியாவுக்குக் கடல் கடக்கும்போது இந்த மாற்றம் முதன்முதலில் தோன்றி, பிலிப்பி நகரில் நின்றுவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே பிலிப்பியில் மீண்டும் தொடங்கி, மிலேத்து, தீர், செசரியா வழியாக எருசலேம் வரை செல்கிறது. இறுதியாக, கைதியான பவுலை உரோமைக்குக் கொண்டு சென்ற கப்பல் பயணத்திலும், மால்தா தீவருகே கப்பல் உடைந்த நிகழ்விலும் இந்நடை காணப்படுகிறது.

இப்பகுதிகளை எழுதியவர் அப்பயணங்களில் தாமே பங்கேற்றிருந்தால், அவர் எருசலேமில் இயேசுவின் சகோதரர் யாக்கோபையும், செசரியாவில் நற்செய்தியாளர் பிலிப்பையும் சந்தித்திருக்கிறார். அதாவது, பவுலின் பயணங்களில் ஒரு பகுதிக்கு அவர் கண்கண்ட சாட்சி. இயேசுவின் வாழ்வுக்கோ, நேரில் கண்டோரிடம் கேட்டறிய வாய்ப்புப் பெற்றவர். வேறொருவரின் பயணக் குறிப்பை ஆசிரியர் பயன்படுத்தினார் என்றும், இது வெறும் இலக்கிய உத்தி என்றும் மாற்றுக் கருத்துகள் உள்ளன.

முகவுரையும் மூலங்களும்

லூக்கா நற்செய்தி தியோபில் என்பவருக்கு உரித்தாக்கப்பட்டுள்ளது. அதன் முகவுரை, அக்காலக் கிரேக்க நூல்களின் முகவுரைகளை ஒத்த செம்மையான நடையில் அமைந்தது. தமக்கு முன்னரே பலர் இவ்வரலாற்றை எழுத முயன்றுள்ளனர் என்றும், தொடக்கம் முதல் நேரில் கண்டவர்கள் ஒப்படைத்த செய்திகளே அவற்றுக்கு அடிப்படை என்றும், தாமும் அனைத்தையும் கவனமாக ஆராய்ந்து ஒழுங்குபட எழுதுவதாகவும் ஆசிரியர் அதில் கூறுகிறார். ஆனால் தமது பெயரை அவர் எங்கும் குறிப்பிடவில்லை.

முன்னர் எழுதப்பட்டவற்றுள் மாற்கு நற்செய்தியும் ஒன்று என்பது இன்றைய ஆய்வாளர்களுள் பெரும்பான்மையோர் கருத்தாகும். மாற்கு நற்செய்தியின் ஏறக்குறைய பாதி லூக்காவில் எடுத்தாளப்பட்டுள்ளது. மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டும் பொதுவாகக் காணப்படும் இயேசுவின் போதனைகள், இன்று கிடைக்காத ஒரு தொகுப்பிலிருந்து வந்தவை எனப் பலர் கருதுகின்றனர். லூக்கா மத்தேயு நற்செய்தியையே பயன்படுத்தினார் என்போரும் உளர். நல்ல சமாரியர் உவமை, ஊதாரி மைந்தன் உவமை, சக்கேயு நிகழ்ச்சி ஆகியவை லூக்காவில் மட்டுமே உள்ளன.

பெயர் எவ்வாறு இணைந்தது?

நான்கு நற்செய்திகளிலும் நூலுக்குள் ஆசிரியர் பெயர் கூறப்படவில்லை. தலைப்புகளிலேயே பெயர்கள் காணப்படுகின்றன. மூன்றாவது நற்செய்தியின் ஆசிரியர் பவுலின் உடன்பணியாளரான லூக்கா என்பதைச் சுமார் கி.பி. 180 இல் லியோன் நகர ஆயர் இரனேயு தெளிவாக எழுதினார். 1740 இல் வெளியிடப்பட்ட முரத்தோரி நூற்பட்டியல் என்னும் பழைய ஆவணமும் இதையே கூறுவதுடன், லூக்கா இயேசுவை நேரில் கண்டதில்லை என்றும் குறிப்பிடுகிறது. பாப்பிரஸ் 75 எனப்படும் பழைய கிரேக்கச் சுவடியில் இந்நற்செய்தியின் முடிவில் லூக்காவின் பெயர் உள்ளது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தது என நெடுங்காலம் கருதப்பட்ட இச்சுவடியை நான்காம் நூற்றாண்டினதாகக் கொள்வோரும் உளர்.

ஒரு நூலுக்குப் பெருமை சேர்க்கப் பெயரைப் புனைவதாயின், திருத்தூதர் ஒருவரின் பெயரையே தேர்ந்தெடுத்திருப்பர். எனவே அதிகம் அறியப்படாத லூக்காவின் பெயர் உண்மையானதாகவே இருக்க வேண்டும் என்பது மரபை ஏற்போரின் வாதம். தன்மைப் பன்மைப் பகுதிகளையும் பவுலின் மடல்களையும் ஒப்பிட்டு, பவுலுடன் இறுதிவரை இருந்தவர் யார் எனத் தேடினால் லூக்காவின் பெயரை எளிதில் ஊகித்திருக்கலாம் என்பது எதிர்வாதம்.

ஆய்வாளர் கருத்துகள்

1882 இல் வில்லியம் கிர்க் ஹோபார்ட், இவ்விரு நூல்களிலும் மருத்துவச் சொற்கள் மிகுந்திருப்பதால் ஆசிரியர் மருத்துவரே என வாதிட்டார். பின்னர் என்றி காட்பரி, அதே சொற்கள் மருத்துவர் அல்லாத கிரேக்க எழுத்தாளர்களிடமும் காணப்படுவதை எடுத்துக்காட்டினார். ஆசிரியர் மருத்துவர் அல்லர் என்பதை இது மெய்ப்பிக்கவில்லை. சொற்களை மட்டும் கொண்டு அவ்வாறு நிறுவ இயலாது என்பதே இதன் முடிவு.

பவுலின் எருசலேம் பயணங்கள் பற்றித் திருத்தூதர் பணிகள் கூறுவதும், கலாத்தியர் மடலில் பவுலே கூறுவதும் முழுமையாகப் பொருந்தவில்லை. பவுல் மடல்கள் எழுதியதைப் பற்றி அந்நூல் எதுவும் கூறவில்லை. இவற்றைக் கொண்டு, ஆசிரியர் பவுலை நெருங்கி அறிந்தவர் அல்லர் எனப் பலர் கருதுகின்றனர். சில காலம் மட்டுமே உடன் பயணித்த ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதினால் இத்தகைய வேறுபாடுகள் இயல்பே என மற்றவர்கள் விடை கூறுகின்றனர். இயேசுவின் பிறப்பை ஏரோது மன்னனின் காலத்தோடும் குரேனியுவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் இணைப்பது மற்றொரு சிக்கலாகும். ஏரோது கி.மு. 4 இல் இறந்தார் என்பது பொதுவான கணிப்பு, அக்கணக்கெடுப்போ கி.பி. 6 இல் நடந்தது.

நற்செய்தி கி.பி. 80-90 அளவில் எழுதப்பட்டது என்பது பரவலான கருத்து. பவுலின் இறப்பைக் கூறாமலேயே திருத்தூதர் பணிகள் முடிவதால், சுமார் கி.பி. 62 இலேயே அது எழுதப்பட்டது என்போரும் உளர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்போரும் உளர்.

இறப்பும் மரபுகளும்

லூக்கா திருமணம் செய்யாமல் வாழ்ந்து, கிரேக்க நாட்டின் பொயோத்தியாவில் 84 ஆம் அகவையில் இறந்தார் என ஒரு பழைய முன்னுரை கூறுகிறது. இவருடையவை எனப் போற்றப்படும் எலும்புகள் இத்தாலியின் பதுவை நகரில் புனித யுஸ்தினா பேராலயத்தில் உள்ளன. 1998 இல் அப்பேழை திறந்து ஆராயப்பட்டது. 2001 இல் வெளியான மரபணு ஆய்வின்படி, அந்த எலும்புகளுக்குரியவர் கிரேக்கராக இருப்பதைவிடச் சிரியராக இருக்கவே வாய்ப்பு அதிகம். கரிமக் காலக்கணிப்பு அவரது இறப்பைக் கி.பி. 72 முதல் 416 வரையான காலத்தில் வைக்கிறது. இம்முடிவுகள் மரபுக்கு முரணானவை அல்ல. எனினும் அவர் லூக்காதான் என நிறுவுவனவும் அல்ல.

லூக்கா ஓவியரும் ஆவார் என்னும் மரபு பிற்காலத்தில் தோன்றியது. சென்னை பரங்கிமலை ஆலயத்தில் உள்ள அன்னை மரியாவின் படத்தை இவரே வரைந்ததாக அங்கு நம்பப்படுகிறது. மருத்துவர்களுக்கும் ஓவியர்களுக்கும் பாதுகாவலராகக் கருதப்படும் இவரின் சின்னம் சிறகுள்ள காளை. இவரது திருவிழா அக்டோபர் 18 அன்று கொண்டாடப்படுகிறது.