இருதயக் குழாயைத் திறந்த குரூன்ட்சிக்

ஊரிலிருந்து அகாலத்தில் தொலைபேசி வந்தால், இங்கே விடுதியில் இருக்கும் நம்மில் பலருக்கும் நெஞ்சு திக்கென்கிறது. சென்ற ஆண்டு எனக்கு அப்படி வந்த செய்தி, அப்பாவின் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்பது. அவர் இப்போது நலம். அந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்போது மனத்தில் தங்கிவிட்ட ஒருவரைப் பற்றிச் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆந்திரேயாஸ் குரூன்ட்சிக் 1939-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையை உலகப் போர் கொண்டுபோயிற்று; தாயே வளர்த்தார். கிழக்கு ஜெர்மனியில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மேற்கே சென்று, ஹைடல்பர்க் பல்கலைக் கழகத்தில் 1964-இல் மருத்துவப் படிப்பை முடித்தார். 1969 முதல் சுவிட்சர்லாந்தில் ஜூரிச் பல்கலைக் கழக மருத்துவமனையில் பணி.

அடைபட்ட கால் இரத்தக் குழாய்க்குள் ஒன்றைவிட ஒன்று பருத்த குழல்களைச் செலுத்தி வழி உண்டாக்கும் முறையை, அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் என்பவர் 1964-இல் தொடங்கியிருந்தார். ஆனால் குழலின் பருமன் எவ்வளவோ அவ்வளவுதான் வழி கிடைக்கும். மெல்லிய குழலின் நுனியில் ஒரு பலூன் இருந்து, அடைப்புள்ள இடத்தில் மட்டும் விரிந்தால்? ரப்பர் பலூன் உதவாது. இறுகிய இடத்தை விட்டுவிட்டு இருபுறமும் புடைத்துக்கொள்ளும். குறித்த அளவுக்கு மேல் விரியாத, ஆனால் உறுதியான பலூன் வேண்டும். இரசாயனப் பேராசிரியர் ஒருவரின் யோசனைப்படி பாலிவினைல் குளோரைடில் செய்து பார்த்தார் குரூன்ட்சிக். எங்கே தெரியுமா? வீட்டுச் சமையலறை மேசையில்! பகலில் மருத்துவமனை, இரவில் மனைவியும், உதவியாளர் மரியா ஷ்லும்ப்பும், அவர் கணவரும் கூடி உட்கார்ந்து பலூன் செய்தார்கள். கருவி இல்லையென்று மனு மேல் மனு எழுதும் நம் ஆய்வுக்கூடத்து நண்பர்கள் என்னைக் கோபிக்கக் கூடாது.

1974-இல் அப்பலூன் ஒருவரின் கால் குழாயைத் திறந்தது. இருதயக் குழாயோ இன்னும் குறுகியது. 1976-இல் நாய்களிடம் செய்த சோதனையை அமெரிக்க மாநாடொன்றில் விளக்கியபோது நம்பியவர் சிலரே. 1977 செப்டம்பர் 16-ஆம் நாள் ஜூரிச்சில் முதல் நோயாளி. அவருக்கு வயது 38; குரூன்ட்சிக்குக்கும் அதே 38. நோயாளி விழித்திருந்தார், அறுவை மருத்துவர்கள் ஆயத்தமாக நின்றனர். பலூன் இரு முறை விரிந்தது, வழி திறந்தது.

பௌதிகம் படிக்கும் என்னைக் கவர்ந்தது இதுதான்: எக்ஸ்ரேயில் தெரிவது குழாய்க்குள் செலுத்திய மருந்தின் நிழலே. குரூன்ட்சிக் அந்நிழலை மட்டும் நம்பவில்லை. குழலுக்குள் இன்னொரு துளை வைத்து, அடைப்புக்கு முன்னும் பின்னும் இரத்த அழுத்தத்தை அளந்தார். வேறுபாடு குறைந்ததா என்று பார்த்தார். 1979-இல் வெளியிட்ட கட்டுரையில், 50 பேரில் 32 பேருக்குத்தான் வெற்றி என்று எழுதினார். மீதி 18-ஐ அவர் மறைக்கவில்லை.

1980-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். 1985 அக்டோபர் 27-ஆம் நாள், மோசமான வானிலையில் தாமே ஓட்டிய சிறு விமானம் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்து, மனைவியுடன் மாண்டார். வயது 46. பலூனை இருதயத்துக்குள் செலுத்திய துணிவே அன்று விமானத்தையும் எடுக்கச் செய்தது போலும்.

பலூன் திறந்த குழாய் சிலருக்குச் சில மாதங்களில் மீண்டும் சுருங்கியது. அவர் மறைந்த ஐந்தே மாதத்தில், 1986 மார்ச்சில், பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புவேல் முதல் ஸ்டென்ட்டை வைத்தார். குழாயைத் தாங்கி நிற்கும் உலோக வலை அது. ஆனால் நிழல் மீண்டும் ஏமாற்றியது. இரத்தக் குழாய்க்குள்ளேயே நுண்ணிய ஒலிக்கருவியைச் செலுத்திப் பார்த்தபோது, நிழற்படத்தில் ஒழுங்காகத் தெரிந்த பல ஸ்டென்ட்டுகள் முழுதும் விரியாமல் கிடந்தன. அப்படிப் பார்த்து, மிகுந்த அழுத்தத்தில் நன்றாக விரித்துவிட்டால், இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த கடும் மருந்துகளைத் தவிர்க்கலாம் என்று மிலான் நகரத்து அந்தோனியோ கொலம்போ குழுவினர் 1995-இல் காட்டினர். பின்னர் ஒலிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளியும் வந்தது. இன்னும் நுட்பமான படம் தருவது. சிக்கலான அடைப்புகளில் இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டு பார்த்தே ஸ்டென்ட் வைக்க வேண்டுமென ஐரோப்பிய இருதய மருத்துவர் சங்கம் 2024-இல் உறுதியாகப் பரிந்துரைத்தது.

அப்பாவுக்கும் அவ்வாறே பார்த்தார்களாம். நிழற்படத்தில் குறையில்லை, உள்ளிருந்து பார்த்தால் ஸ்டென்ட் ஓரிடத்தில் சுவரைத் தொடவில்லை. இன்னொரு முறை பலூனை விரித்தார்களாம்.