வட்டத்தொட்டியில் எல்லாருக்கும் இடம் இருந்தது

சாரல் ஆரம்பிச்சாச்சுன்னா நம்ம காலேஜ்ல பாதிப் பேர் குற்றாலத்தில்தான் இருப்போம். மெயின் அருவியில குளிச்சுட்டு, அப்படியே ஐந்தருவிக்கு ஒரு ரவுண்டு. அந்தப் பக்கம் ரசிகமணி டி.கே.சி. என்று ஒரு பெயரை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். யாரோ பழைய புலவர் போல என்று நினைத்து, மிளகாய் பஜ்ஜி வாங்கப் போயிடுவேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன் நான். பத்தாவதோடு செய்யுள் பகுதிக்குக் கும்பிடு போட்டவன். எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்தான் என்னை அவர்கிட்ட கொண்டுபோய் விட்டது. எப்படின்னு கடைசியில் சொல்றேன். முதலில் அவர் கதை.

முழுப்பெயர் டி. கே. சிதம்பரநாத முதலியார். 1882ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, சட்டமும் முடித்து, திருநெல்வேலியில் வக்கீலாக உட்கார்ந்தார். ஆனால் கேஸ் கட்டில் மனசு ஒட்டவில்லை. மனசு முழுக்கக் கம்பராமாயணத்தில் இருந்தது.

அந்தக் காலத்தில் கம்பனைப் படிப்பது சும்மா இல்லை. பாட்டில் சொற்கள் எல்லாம் சந்தி சேர்ந்து, ஒரே சங்கிலியாக அச்சாகியிருக்கும். உதாரணத்துக்கு, "அருவியினருகிலமர்ந்திருந்தான்" என்று ஒரு வரி இருந்தால், எங்கே மூச்சு விடுவது என்றே தெரியாது. கீழே உரை இருக்கும், ஆனால் உரைக்கே இன்னொரு உரை தேவைப்படும். ஆக, புலவர்கிட்ட பாடம் கேட்டவருக்குத்தான் கம்பன். மத்தவங்களுக்கு அது பெரிய கதவு, பெரிய பூட்டு.

டி.கே.சி. அந்தப் பூட்டில்தான் கை வைத்தார். 1920களில் அவருடைய திருநெல்வேலி வீட்டு முற்றத்தில் நண்பர்கள் ஞாயிறு சாயங்காலம் கூட ஆரம்பித்தார்கள். முற்றம் வட்டமாக இருந்ததால் அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வந்தது. மேடை கிடையாது, தலைவர் கிடையாது. வக்கீல், வாத்தியார், ஆபீசர், தமிழே சரியாகப் படிக்காத ஆள் என்று யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரு பாட்டை எடுத்தால் அவசரமே படமாட்டார். சொல் சொல்லாகப் பிரித்துச் சொல்வார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்ப அதே பாட்டைச் சொல்லுவார். கேட்கிறவன் முகத்தில் புரிந்த சந்தோஷம் தெரிகிற வரைக்கும் அடுத்த பாட்டுக்குப் போகமாட்டார். இலக்கணம் தெரிந்தால்தான் ரசிக்கலாம் என்பதை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. காது இருந்தால் போதும் என்பதுதான் அவர் கட்சி.

பிறகு சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930களின் முதல் பாதியில் இந்து அறநிலைய போர்டு கமிஷனர் பதவி. அதுக்கு அப்புறம் குற்றாலத்தில் குடியேறிவிட்டார். அந்த வீட்டுக்கு ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். இளைஞர்கள் வந்து நாள்கணக்கில் தங்கினார்கள். வந்தவர்களுக்கு முதலில் சாப்பாடு, அப்புறம் கம்பன். விருந்தோம்பலில் திருநெல்வேலிச் சீமையே அவரை உதாரணம் சொல்லும். வர முடியாதவர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் பின்னாளில் புத்தகங்களாகவே வந்தன. கல்கி பத்திரிகையில் அவர் எழுதிய கம்பராமாயண விளக்கம், வீட்டில் வாரப் பத்திரிகை வாங்குகிற எல்லார் கைக்கும் கம்பனைக் கொண்டுபோனது. முத்தொள்ளாயிரத்துக்கும் இதே மாதிரி விளக்கம் எழுதிப் பதிப்பித்தார். பள்ளியிலும் கல்லூரியிலும் பாடத்தைத் தமிழிலேயே சொல்லித்தர வேண்டும் என்று விடாமல் பேசினார். வாழ்க்கையில் அடியும் பட்டது. மகன் தீத்தாரப்பன் இளம் வயதிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகும் வீட்டுக் கதவு சாத்தப்படவில்லை.

இனி அவர் மேல் இருக்கிற குறையையும் சொல்லணும். கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் பாட்டுகள் உண்டு. அதில் பெரும்பகுதி கம்பன் எழுதியதே இல்லை, பின்னால் வந்தவர்கள் செருகியது என்று தீர்ப்பு சொன்னார் டி.கே.சி. தன் காதுக்கு ஒட்டாத பாட்டைத் தள்ளினார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். ஏட்டுச்சுவடி ஆதாரம் என்ன என்று கேட்டுப் புலவர்கள் கொதித்துப் போனார்கள். எனக்கும் இதில் அவர் பக்கம் நிற்க முடியவில்லை. எளிமையாக்குவது வேறு, குறைப்பது வேறு. கதவை அகலமாகத் திறக்கலாம். உள்ளே இருக்கிற அறைகளை இடித்துவிட்டு, வீடு இப்போ சுலபமாயிடுச்சு என்று சொல்லக் கூடாது.

1954 பிப்ரவரி 16ல் டி.கே.சி. காலமானார்.

இப்போ ப்ராஜெக்ட் கதை. எங்க டீம் எடுத்தது திறந்த கல்வி வளங்கள். அதாவது யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்து, திருத்தி, பகிரக்கூடிய பாடப் பொருள்கள். யுனெஸ்கோ 2002ல் இதுக்குப் பெயர் வைத்தது. இலவசமாகக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சது என்றுதான் நாங்களும் நினைத்தோம். என் பள்ளித் தோழன் ஒருவனுக்குப் பார்வை கிடையாது. அவனிடம் ஒரு தமிழ்ப் புத்தக பிடிஎஃப் அனுப்பினேன். அவன் ஸ்கிரீன் ரீடர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்னா அது ஸ்கேன் பண்ணின படம், எழுத்தே இல்லை. இன்னொன்று அனுப்பினேன். பழைய ஃபாண்டில் டைப் செய்தது, அதனால் உளறியது. மூன்றாவது யூனிகோடு. அது பேசியது, ஆனால் சந்தி சேர்ந்த நீளமான சொற்களில் தடுமாறியது. டி.கே.சி. மாதிரி பிரித்துப் போட்ட பக்கத்தைக் கொடுத்தபோது தெளிவாகப் படித்தது. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு முற்றத்தில் காதுக்காகச் செய்த வேலை, இன்னைக்கு என் நண்பன் காதுக்கும் பொருந்துகிறது. அன்றைக்குத்தான் ஐந்தருவிப் பக்கம் பார்த்த அந்தப் பெயர் எனக்குப் புரிந்தது.

ஒன்று மட்டும் அவரிடமிருந்து மாற்றிக்கொண்டோம். பிரித்த வடிவம், மூல வடிவம் ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதையும் தள்ளுவதில்லை. வாசிக்கிறவரே தேர்ந்தெடுத்துக்கலாம்.

சட்டமும் நம்ம பக்கம்தான். பார்வையற்றோருக்கான வடிவத்தில் நூல்களை மாற்றிக் கொடுக்க 2012ல் திருத்திய காப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. மராகேஷ் உடன்படிக்கையை 2014ல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான். அதோடு, எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் அவர் வாழ்ந்தபோது வெளிவந்த நூல்கள் பொதுச்சொத்து. டி.கே.சி.யின் அந்த நூல்கள் 2015 ஜனவரி 1 முதல் நம்ம எல்லாருக்கும் சொந்தம்.

அவருடைய இதய ஒலி கட்டுரைகளை டைப் செய்ய ஆரம்பித்திருக்கிறோம். முதல் கட்டுரையைக் கேட்டுவிட்டு நண்பன் ரெண்டாவது எப்போ என்று கேட்டிருக்கிறான். ஏப்ரலில் நாங்க கிளம்பிடுவோம். ஜூனியர்ஸ், தமிழ் டைப்பிங் தெரிந்தால் போதும், வந்து சேருங்க. வட்டத்தொட்டியில் இன்னும் இடம் இருக்கு.