நம் மருந்துப் பெட்டியில் சுப்பாராவ்

உங்கள் வீட்டில் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர் இருக்கிறாரா? கூடவே ஃபோலிக் ஆசிட்டும் டாக்டர் எழுதித் தந்திருப்பார். இரண்டையும் முதலில் தயாரித்தது எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கியோடு அறுவை சிகிச்சைக்குப் போனது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் தந்தார்கள்.

மாமனார் பண உதவியோடு 1923-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். இரவில் மருத்துவமனையில் பெட்பேன் கழுவும் வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. பாஸ்பரஸ் அளக்க ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-ல் வெளியிட்ட முறையில் இன்றும் இவர் பெயர் இருக்கிறது. பயோகெமிஸ்ட்ரி படித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அப்படியும் ஹார்வர்ட் நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து கம்பெனிக்கு மாறினார்.

அங்கேதான் 1945-ல் ஃபோலிக் அமிலம் செயற்கையாகத் தயாரானது. ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது, சகோதரர்களுக்குத்தான் உதவவில்லை. அந்த மூலக்கூறைச் சற்றே மாற்றினால், செல் அதை ஃபோலிக் என்றே நம்பி எடுத்துக்கொண்டு, பெருக முடியாமல் நின்றுவிடும். அப்படி உருவான அமினோப்டெரினை டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். வந்தால் பிழைக்க வழியில்லாத நோய் அது. சில குழந்தைகளுக்குக் கொஞ்ச காலமாவது அடங்கியது. மெத்தோட்ரெக்சேட் அந்த மருந்தின் தம்பி. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும் இவர் குழு தந்ததே.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்தார். ஊரில் விட்டுவந்த மனைவியைப் பார்க்க ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.