பட்டாளத்துச் சிப்பாய் எழுதிய இங்கிலீஷ் இலக்கணம்

இங்கிலீஷ் இலக்கணத்தில் 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' என்ற பாடத்தைக் கண்டு பயப்படாத மாணவர்கள் குறைவு. எது நவுன், எது வெர்ப், எது அட்வெர்ப் என்று பிரிக்கச் சொன்னால் இன்றும் பலருக்குக் கை நடுங்கும். இந்தப் பாடத்தை ஏர் ஓட்டுகிறவனுக்கும் புரியும்படி எழுதிய ஒருவர், தாம் அதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பட்டாளத்தில், துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு காவல் நின்றபடி படித்தார். அவர்தான் வில்லியம் காபெட்.

1763ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்துப் பார்ன்ஹாம் என்ற ஊரில் அவர் பிறந்தார். பாட்டனார் தினக்கூலி. தகப்பனார் சிறு விவசாயி. சிறு வயதில் பையனுக்குக் கிடைத்த வேலை வயலில் குருவி ஓட்டுவது. எழுதப் படிக்கத் தகப்பனாரே சொல்லிக் கொடுத்தார்.

இருபது வயதில் வீட்டில் சொல்லாமல் லண்டனுக்கு வண்டி ஏறினார். அங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தா உத்தியோகம். விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் இரவு எட்டு, ஒன்பது வரை நகல் எடுக்க வேண்டும். வெளிச்சம் இல்லாத அறை. சில மாதங்களிலேயே வெறுத்துப்போய், 1784இல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்.

காணாமல் போன அரைப் பென்னி

சாத்தம் என்ற ஊரில் பயிற்சி முகாம். எழுத்து அழகாக இருந்ததால், கர்னல் டெபீக் என்ற அதிகாரி தம் கடிதங்களை நகல் எடுக்கும் வேலையை இந்தச் சிப்பாய்க்குக் கொடுத்தார். எழுத்து அழகு, இலக்கணம் பிழை. இலக்கணம் படித்தால் பதவி உயர்வுக்கு வழி உண்டு என்று கர்னல் யோசனை சொன்னார். காபெட் உடனே ஒரு புத்தகம் வாங்கினார். லண்டன் பிஷப்பாக இருந்த ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கணம் அது. லத்தீன் படித்த பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கே கடினமான நூல்.

நாள் ஒன்றுக்குச் சம்பளம் ஆறு பென்ஸ். சாப்பாட்டுப் பிடித்தம் போக, வாரத்துக்கு இரண்டு பென்ஸ் மிஞ்சினால் அதிகம். பேனாவோ காகிதமோ வாங்கினால் அந்த வேளை வயிறு காயும். முதுகுப்பைதான் புத்தக அலமாரி. மடியில் வைத்த பலகைத் துண்டுதான் மேஜை. மெழுகுவர்த்திக்குக் காசு கிடையாது. குளிர்காலத்தில் கணப்பு வெளிச்சத்தில் தம் முறை வரும்போது மட்டும் படிக்கலாம். சுற்றிலும் பத்துச் சிப்பாய்களின் பாட்டும் கூச்சலும்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லாச் செலவும் போக அரைப் பென்னி மிச்சம் பிடித்தார். மறுநாள் காலை ஒரு கருவாடு வாங்கித் தின்னலாம் என்று ஆசை. இரவு பசியோடு சட்டையைக் கழற்றும்போது பார்த்தால் காசைக் காணோம். கம்பளிக்குள் தலையை மூடிக்கொண்டு அந்த இருபத்தொரு வயதுச் சிப்பாய் குழந்தை போல் அழுதார். பிற்காலத்தில் அவரே எழுதிய செய்தி இது.

அந்த நிலைமையில் லௌத் நூலை இரண்டு மூன்று முறை முழுக்கக் கையால் எழுதினார். பிறகு மனப்பாடம். காவலுக்கு நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் நூலை ஒரு தடவை வாய்க்குள் ஒப்பித்து முடிப்பது என்று விதி வைத்துக்கொண்டார்.

1785இல் படைப்பிரிவு கனடாப் பகுதிக்குச் சென்றது. எழுதத் தெரிந்த சிப்பாய் என்பதால் பட்டாளத்தின் கணக்கும் கடிதமும் அவர் கைக்கு வந்தன. முப்பது சார்ஜண்டுகளைத் தாண்டி அவரைச் சார்ஜண்ட் மேஜராக உயர்த்தினார்கள். வேலை நீங்கியதும், சிப்பாய்களின் பணத்தைத் தின்ற அதிகாரிகள் மீது புகார் கொடுத்தார். புகார் அவர் மீதே திரும்பும் என்று தெரிந்ததும் 1792இல் பிரான்சுக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போக வேண்டியதாயிற்று. பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அவர்களுக்காக 1795இல் பிரெஞ்சு மொழியிலேயே ஓர் இங்கிலீஷ் இலக்கணமும் எழுதினார்.

1800இல் தாய்நாடு திரும்பி, 1802இல் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். சிப்பாய்களுக்குக் கசையடி கொடுத்ததைக் கண்டித்து எழுதியதற்கு 1810இல் இரண்டு வருஷம் சிறை, ஆயிரம் பவுன் அபராதம். 1816இல் பத்திரிகையின் மலிவுப் பதிப்பை இரண்டு பென்ஸுக்கு விற்றார். கூலிக்காரர்கள் கூட்டமாகக் கூடி வாசிக்கக் கேட்டார்கள். அரசாங்கம் மிரண்டது. 1817இல் விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வகைசெய்ததும் மீண்டும் அமெரிக்கா. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு பண்ணையை வாடகைக்கு எடுத்து, அங்கே எழுதியதுதான் 1818இல் வந்த இங்கிலீஷ் இலக்கணம்.

சொல்லின் வேலை

பதினான்கு வயது மகன் ஜேம்ஸுக்குக் கடிதங்களாக எழுதப்பட்ட நூல் அது. சிப்பாய், மாலுமி, தொழில் பழகும் பையன், ஏரோட்டும் பையன் ஆகியோருக்கே முக்கியமாக என்று தலைப்பிலேயே போட்டார். காரணம் உண்டு. அந்நாளில் ஏழைகள் பார்லிமெண்டுக்கு மனுக் கொடுத்தால், மனுவின் மொழி சரியில்லை என்று தள்ளிவிடுவார்கள். இலக்கணம் தெரியாதவன் நியாயம் கேட்கவும் முடியாது.

லௌத்தைப் போலவே காபெட்டும் சொற்களை ஒன்பது வகையாகப் பிரித்தார். தமிழில் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு முடிகிற விஷயம். அப்போது பள்ளிகளில் புகழ்பெற்றிருந்தது லிண்ட்லி முர்ரே 1795இல் வெளியிட்ட இலக்கணம். அதில் சுலபமான சோதனைகள் உண்டு. முன்னால் 'டு' சேர்த்துப் பொருள் வந்தால் வெர்ப். பின்னால் 'திங்' சேர்த்துப் பொருள் வந்தால் அட்ஜெக்டிவ். பரீட்சைக்கு இது உதவும். ஆனால் காபெட் வற்புறுத்தியது வேறு. சொல்லின் தோற்றம் வகையைக் காட்டாது. அந்த வாக்கியத்தில் அது என்ன பொருளில் நிற்கிறது என்று யோசிக்க வேண்டும்.

பம்பாய்வாசிகள் தினமும் சொல்லும் 'ஃபாஸ்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 'ஃபாஸ்ட் டிரெயின்' என்றால் வண்டி எப்படிப்பட்டது என்று சொல்கிறது, அட்ஜெக்டிவ். வண்டி 'ஃபாஸ்ட்' ஆக ஓடுகிறது என்றால் ஓட்டத்தைச் சொல்கிறது, அட்வெர்ப். காந்திஜி மேற்கொண்ட 'ஃபாஸ்ட்' உண்ணாவிரதம், நவுன். உண்ணாமல் இருக்கும் செயலைச் சொன்னால் அதுவே வெர்ப். எழுத்து ஒன்று, உத்தியோகம் நான்கு! ஆபீசில் எழுதிக் கொடுக்கும் 'லீவ்' நவுன். ஊரை விட்டுக் கிளம்பும் 'லீவ்' வெர்ப். தமிழிலும் இது புதிதல்ல. 'படி' என்றால் வாசி என்ற ஏவல். மாடிக்கு ஏறும் படியும் உண்டு, சம்பளத்தோடு வரும் பஞ்சப்படியும் உண்டு. ஆனாலும் தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலீஷில் அந்த அடையாளங்கள் சொற்பம். யோசித்துத்தான் தீர வேண்டும்.

பிழைகளுக்கு உதாரணம் காட்டியதில்தான் காபெட்டின் குறும்பு. அகராதி எழுதிய டாக்டர் ஜான்சனின் நூல்களிலிருந்தே தவறுகளைப் பொறுக்கிப் போட்டார். 1823ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், மந்திரிகள் பிழையாக எழுதாமல் இருப்பதற்கென்று ஆறு பாடங்களைச் சேர்த்தார். மன்னரின் பார்லிமெண்ட் உரையிலும் தளபதி வெல்லிங்டனின் கடிதத்திலும் பிழை கண்டு திருத்தினார். கருவாட்டுக்குக் காசில்லாமல் அழுத சிப்பாய்க்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது லௌத்தின் மனப்பாடம்தான்.

காபெட் குறையில்லாத மனிதர் அல்ல. வாய் பொல்லாதது. அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸைக்கூடக் கண்டபடி ஏசினார். யூதர்களைப் பற்றி அவர் எழுதியவை இன்று படிக்கச் சகிக்காதவை.

1819இல் அவர் இங்கிலாந்து திரும்பினார். 1832இல் நெசவாலைகள் நிறைந்த ஓல்டம் நகரம் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. 1835 ஜூன் 18இல் காலமானார். பிறந்த பார்ன்ஹாமிலேயே அடக்கம் செய்தார்கள். கடிதங்களைப் பெற்ற மகன் ஜேம்ஸ் வக்கீலானார். 1830இலேயே அவரும் ஓர் இலக்கணம் எழுதி வெளியிட்டிருந்தார். அது இத்தாலிய மொழிக்கு.