பெரிய குண்டும் சிறிய குண்டும் தந்த பிரவுனிங்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆக்டன் நகரில் 1855-ம் ஆண்டு பிறந்தவர் ஜான் பிரவுனிங். தந்தைக்குத் துப்பாக்கிப் பட்டறை. அங்கே கிடந்த பழைய இரும்புதான் சிறுவனின் விளையாட்டுப் பொருள். 1883-ல் இவருடைய ரைபிளை வின்செஸ்டர் கம்பெனி 8 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. பிறகு ஏறுமுகம்தான்.

பெல்ஜியம் தொழிற்சாலை ஒன்றுக்காக, சட்டைப் பையில் அடங்கும் தற்காப்புப் பிஸ்டலையும் செய்தார். அதன் குண்டு 6.35 மில்லிமீட்டர் அகலமே.

அமெரிக்க ராணுவத்துக்கோ வேறு கவலை. பிலிப்பைன்ஸ் போரில், ரிவால்வர் குண்டுகள் பாய்ந்த பிறகும் எதிரிகள் கத்தியுடன் மேலே வந்து விழுந்தார்கள். அந்தக் குண்டு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். அது போதாதா என்று அறிய, 1904-ல் தாம்சன், லகார்டு என்ற இரு அதிகாரிகள் சிகாகோ கசாப்புக் கூடத்தில் மாடுகளைச் சுட்டுப் பார்த்தனர். இன்றைய கணக்கில் அது விஞ்ஞானம் ஆகாது. சுட்ட மாடுகளே மிகக் குறைவு. ஆனாலும் 11 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட 45 ரகக் குண்டே வேண்டும் என்று முடிவாயிற்று. உயிர்நிலையில் படாவிட்டால் எந்தக் குண்டையும் நம்ப முடியாது, குறி பார்க்கும் பயிற்சி தேவை என்றும் அவர்கள் எழுதினார்கள். அதைப் பலர் மறந்துவிட்டார்கள்!

பிரவுனிங் பெரிய குண்டுக்கும் பிஸ்டல் செய்தார். 1911-ல் சோதனை. 6 ஆயிரம் குண்டுகள் சுட்டும் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மீண்டும் சுட்டார்கள். ராணுவம் உடனே ஏற்றது.

ஆனால் உலகையே புரட்டியது அவருடைய வேறொரு சிறிய பிஸ்டல். 1914 ஜூன் 28-ந் தேதி சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் பிரின்சிப் என்ற இளைஞன் சுட்டது அதனால்தான். வேகம் குறைந்த குண்டுதான். பட்ட இடம் ஒருவருக்குக் கழுத்து, மற்றவருக்கு வயிறு. இருவரும் பிழைக்கவில்லை. முதல் உலகப் போர் மூண்டது.

1926 நவம்பர் 26-ந் தேதி பெல்ஜியம் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோதே மாரடைப்பால் பிரவுனிங் காலமானார். அப்போது அவர் கையில் இருந்தது 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வேலை. 13 குண்டு போடக்கூடிய அதை சைவ் என்ற பெல்ஜிய நிபுணர் 1935-ல் முடித்தார்.

அமெரிக்க ராணுவமும் 1985-ல் பெரிய குண்டை விட்டு 9 மில்லிமீட்டருக்கு மாறியது. 2014-ல் அந்நாட்டின் மத்திய புலனாய்வுத் துறையும் அதையே சிபாரிசு செய்தது. புதுவகைக் குண்டு உடலுக்குள் விரிவதால் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கை உதறல் குறைவு, குறி தப்புவதும் குறைவு என்பது அவர்கள் கண்டது.

பிரவுனிங் தொடங்கி வைத்த 9 மில்லிமீட்டர் பிஸ்டலை வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை இந்திய ராணுவத்துக்காகத் தயாரித்தது.