ஊமைத்துரையும் நம் சிறாரும்

தம் முன்னோர் சரித்திரத்தை அறியாது வளரும் சிறார் ஆணிவேரற்ற மரத்தை ஒப்பர் என்பது பெரியோர் கொள்கை. நம் கம்பளத்தார் இல்லங்களில் இக்காலத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் வழங்கும் தெலுங்கை மறந்து வருகின்றனர். உறுமியொலி கேட்டும் தேவராட்டத்திற்கு அடியெடுத்து வைக்கக் கூசுகின்றனர். பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மு துரையின் பெயரொன்றைச் சொல்லி நின்றுவிடுகின்றனர். ஆகவே அவருடைய தம்பியார் ஊமைத்துரையின் சரிதையை, பெற்றோர் தம் மக்களுக்கு எடுத்துரைக்கும் பொருட்டு, ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

குமாரசாமி என்பது இவரது இயற்பெயர். பேச்சுத்திறம் குன்றியவராதலின் ஊமைத்துரை என்றே உலகம் இவரை அழைத்தது. நெடிய மெலிந்த உடலும், நோயாளியை ஒத்த தோற்றமும் உடையவர். எனினும் ஜனங்கள் இவரைத் தெய்வமென மதித்தனர். இதனை நமக்கு அறிவித்தவர் இவரை எதிர்த்துப் போர்புரிந்த வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவரே ஆவர். பகைவர் வாயால் வரும் புகழினும் உறுதியான சான்று வேறு யாது?

1799 ஆம் ஆண்டு செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபரில் கட்டபொம்மு துரை கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டனர். 1801 பிப்ரவரி 2 ஆம் தேதி மாலை, ஆங்கிலேயர் விருந்தில் அமர்ந்திருந்த வேளையில், மாறுவேடத்தில் வந்த அன்பர்களின் துணையால் அவர்கள் சிறைநீங்கினர். பின்னர் ஏறக்குறைய முப்பது மைல் கடந்து பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்தனர். சில நாட்களில் அங்குச் சென்ற ஆங்கிலப் படை, இடிந்து கிடந்த கோட்டை மீண்டும் எழுந்து நிற்கக் கண்டு திகைத்தது. கல்லுமன்று, சுண்ணமுமன்று, மண்ணே மதிலாயிற்று, மக்களின் கைகளே கருவியாயின.

பேசவியலாத ஒருவர் படையை நடத்தியது எங்ஙனம் என்று சிறுவர் வினவுவர். சில துரும்புகளை இடது உள்ளங்கையில் வைத்து, அவை ஆங்கிலப் படையெனக் குறிப்பார். மற்றொரு கையால் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயினால் சீறுமொலி எழுப்புவார். அதுவே தாக்குதற்குக் கட்டளை. கட்டளையிட்டபின் முன்னணியில் செல்பவரும் அவரே.

மார்ச் 31 ஆம் தேதி கோட்டையின்மீது பாய்ந்த ஆங்கிலப் படை பெருஞ்சேதமுற்றுப் பின்வாங்கியது. பின்பு கர்னல் அக்னியூ மிகுந்த சேனையுடன் வந்து சேர, மே 24 ஆம் தேதி கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரை காயமுற்று வெளிநிலத்தில் வீழ்ந்து கிடந்தார்.

அப்பொழுது நிகழ்ந்ததை நம் தாய்மார் ஊன்றிக் கேட்பார்களாக. மாண்டோரிடையே தன் மகனைத் தேடி வந்த தாயொருத்தி, குற்றுயிராய்க் கிடந்த அவனைக் கண்டு எடுக்க முயன்றாள். அவனோ, தன்னை விடுத்து அருகே கிடந்த ஊமைத்துரையைக் காக்குமாறு அவளை வேண்டினான். அவளும் உடன்வந்த பெண்டிரும் அவ்வண்ணமே அவரைத் தம் ஊருக்குச் சுமந்து சென்றனர். தேடி வந்த எட்டயபுரத்துப் படையினர் அணுகியபோது, வெண்துணியால் அவரை மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளையென்று ஓலமிட்டு அழுதனர். வந்தவர் அஞ்சி அகன்றனர்.

பின்னர் ஊமைத்துரைக்குப் புகலிடம் அளித்தவர்கள் சிவகங்கைச் சீமை மருது சகோதரர். அவ்விருவரும் 1801 அக்டோபர் 24 ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை நவம்பர் 16 ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே உயிர்நீத்தார். ஊரின் பெயரும் கணக்கேடுகளினின்று அகற்றப்பட வேண்டுமென்று கட்டளை பிறந்தது.

இனி நம் சங்கத்தார் சிந்திக்க வேண்டிய பொருளொன்றுண்டு. தேடி வந்த படையை அனுப்பிய எட்டயபுரத்து வமிசத்தாரும் கம்பளத்தாரே. அடைக்கலம் தந்து உயிரைக் கொடுத்த மருதிருவரோ வேறு குலத்தார். கட்டபொம்மு துரைக்காகத் தலைகொடுத்த தானாபதிப் பிள்ளையும் நம் குலத்தினர் அல்லர். எவரையும் பழித்தற்கு இதனைக் கூறினோமில்லை. சிறாருக்குச் சரித்திரம் புகட்டுவோர், இனிய பகுதியை மட்டும் எடுத்துரைத்துக் கசப்பான பகுதியை மறைத்தல் தகாது. மறைத்தால், அவர்கள் வளர்ந்து உண்மை அறியும் நாளில் நம் சொல்லனைத்தையும் ஐயுறுவர். குலப்பெருமை பிறரைத் தாழ்த்துவதால் நிலைபெறாது. நன்றி மறவாமையினாலேயே நிலைபெறும்.

ஆதலின் சகோதரர்களே, சித்திரையில் வீரசக்கதேவி ஆலய விழாவிற்கு இளைஞர் ஜோதியேந்தி ஓடிவருங்கால், உங்கள் சிறாரையும் உடனழைத்து வாருங்கள். 1974 இல் எழுப்பப்பட்ட நினைவுக்கோட்டையை மட்டும் காட்டி மீளாது, பழங்கோட்டை நின்ற கரிசல் மண்ணையும், அப்போரில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளையும் காட்டுங்கள். வீடு திரும்பிய இரவில், ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் சில துரும்புகளை வைத்து இக்கதையைத் தொடங்குங்கள். வீட்டுத் தெலுங்கிலேயே தொடங்குங்கள். எஞ்சியதை அப்பிள்ளையே கேட்டுப் பெறும்.

அழிக்கக் கருதப்பட்ட ஊர்ப்பெயர் இன்றும் நிலவுகின்றது. அதனைக் காத்தவர் சொல்லிச் சொல்லி வந்த பாட்டன்மாரும் பாட்டிமாருமே. அத்தொண்டு நம் தலைமுறையில் அறுபடாதிருக்கச் சக்கம்மாள் அருள்புரிவாளாக.